பார்க்காதபோது மட்டும் நகரும் பேய் நாற்காலி: மூன்று இடத்தில் இடிக்கிறது

மரப்பாச்சி:

யூனிட்டியில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) ஒரு சின்ன திகில் கேம், ஃபர்ஸ்ட் பெர்சன் (பிளேயரின் கண்வழியே பார்ப்பது). முழுக்க ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. எதிரி, சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போடுகிற சாதாரண மர நாற்காலி. ஒரே அச்சில் எட்டு நாற்காலிகள் வீடு முழுக்க இருக்கும், அதில் ஒன்றில் மட்டும் பேய். பிளேயர் பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது. கண்ணை எடுத்தால் நெருங்கி வரும்.

முதல் சிக்கல்: ரெண்டரரின் (பொருளைத் திரையில் வரையும் பகுதி) இஸ்விசிபிள் மதிப்பைப் பார்த்துத்தான் நாற்காலியை நிறுத்துகிறேன். நடுவில் சுவர் இருந்தாலும் 'தெரிகிறது' என்றே வருகிறது, அடுத்த அறையிலேயே நின்றுவிடுகிறது. எடிட்டரில் ஓட்டினால் சில சமயம் கடைசிவரை நகர்வதே இல்லை. இதற்கு நேர்மாறாக, திரையின் ஓரத்தில் அது வெடுக்கென்று இழுபடுவது ஒரு கணம் கண்ணில் பட்டுவிடுகிறது.

இரண்டாவது: எட்டில் எது பேய் என்று ஆடிப் பார்ப்பவர்கள் எல்லாரும் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மெஷ் (வடிவம்), மெட்டீரியல் (மேற்பரப்பின் தோற்றம்) இரண்டும் எட்டுக்கும் ஒன்றேதான். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் 'ஏதோ வித்தியாசமா இருக்கு' என்கிறார்கள்.

மூன்றாவதுதான் பெரிய கவலை. நெருங்கியதும் பின்னாலிருந்து மோதி 25 புள்ளி உயிரைக் குறைக்கிறது. பயம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது என்கிறார்கள்.

நாற்காலியின் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர். பிளேயர் நடந்தால் 3, ஓடினால் 5. நகர்த்துவது நவ்மெஷ் ஏஜென்ட் (நவ்மெஷ் என்ற, நடக்கக்கூடிய தரையின் வரைபடத்தில் வழி கண்டுபிடித்து நகர்த்தும் பகுதி).


கதிர்க்கோடு:

முதல் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலேயே நிறைய இருக்கிறது.

இஸ்விசிபிள் சொல்வது, 'இந்தப் பொருளை ஏதோ ஒரு கேமராவுக்காக வரைய வேண்டியிருக்கிறது' என்பதை மட்டும்தான். பிளேயர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது வேறு கேள்வி. எடிட்டரில் சீன் ஜன்னலின் கேமராவும் அந்தக் கணக்கில் சேரும். அந்த ஜன்னல் நாற்காலியைப் பார்த்தபடி திறந்திருந்தால் நாற்காலி நகராது. உங்கள் 'சில சமயம்' அதுதான். நிழல் விழவைக்கத் தேவைப்பட்டாலும் ஆம் என்றே வரும். சுவர் மறைப்பது அதற்குத் தெரியாது. ஆக்லூஷன் கல்லிங்கை (மறைந்திருக்கும் பொருட்களை வரையாமல் விடுவது) பேக் செய்தால், அதாவது முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தால், ஓரளவு சரியாகும், ஆனால் அது வரைகிற வேலையைக் குறைக்க வந்த வசதி. கேமின் முக்கிய விதியை அதன் தலையில் கட்டாதீர்கள்.

சோதனையை நீங்களே எழுத வேண்டும், இரண்டு கட்டமாக.

முதல் கட்டம் கேமராவின் பார்வை எல்லை. கேமராவின் ஃபீல்ட் ஆஃப் வியூவை (பார்வைக் கோணம்) அப்படியே எடுக்காமல் 8 டிகிரி கூட்டி ஒரு பெர்ஸ்பெக்டிவ் மேட்ரிக்ஸ் செய்யுங்கள். அதைக் கேமராவின் வேர்ல்டு டு கேமரா மேட்ரிக்ஸோடு பெருக்கி கால்குலேட் ஃபிரஸ்டம் பிளேன்ஸுக்குக் கொடுத்தால் ஆறு தளங்கள் வரும். அவற்றையும் நாற்காலியின் பவுண்ட்ஸையும் (அதைச் சுற்றிய பெட்டி) டெஸ்ட் பிளேன்ஸ் ஏஏபிபியில் போடுங்கள். இந்தச் சோதனை சில மூலைகளில் வெளியே இருப்பதையும் உள்ளே இருப்பதாகச் சொல்லும். இங்கே அது நல்லதுதான். சந்தேகம் வந்தால் நாற்காலி நிற்க வேண்டும், நகரக்கூடாது.

அது உள்ளே என்றால் மட்டும் இரண்டாம் கட்டம், லைன்காஸ்ட் (இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தடை இருக்கிறதா என்று பார்க்கும் கோடு). நாற்காலியில் ஏழு புள்ளிகள் குறியுங்கள்: நான்கு கால் நுனி, இருக்கைப் பலகையின் நடு, முதுகுப் பலகையின் மேல் மூலை இரண்டு. கேமராவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஒரு கோடு தடையில்லாமல் போய்ச் சேர்ந்தாலும் தெரிகிறது என்று அர்த்தம், மிச்சத்தைப் பார்க்க வேண்டாம். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்தால் மேசைக்கு மேலே முதுகுப் பலகை மட்டும் எட்டிப் பார்க்கும்போது அது நகர்ந்துவிடும். இந்த வகை எதிரியில் அதிகம் வரும் பக் இது. கால் நுனிப் புள்ளிகளைத் தரையிலிருந்து 2 செ.மீ. தூக்கி வையுங்கள். இல்லையென்றால் கோடு தரையில் முட்டிக்கொண்டு எப்போதும் 'தெரியவில்லை' என்றே வரும்.

இந்தக் கோடுகளுக்கு எல்லா கொலைடரையும் (மோதலைக் கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத வடிவம்) தடையாக எடுக்காதீர்கள். பார்வைத்தடை என்று தனி லேயர் போட்டு அதில் சுவர், மரக்கதவு, பீரோ மாதிரி பெரிய, ஒளி ஊடுருவாத பொருட்களை மட்டும் வையுங்கள். கண்ணாடிக் கதவு அதில் வரக்கூடாது. மற்ற நாற்காலிகளும் கூடாது. காரணம், நாற்காலிக்கு நீங்கள் போட்டிருப்பது அநேகமாக ஒரே பாக்ஸ் கொலைடர். பிளேயர் கம்பிகளின் இடைவெளி வழியாகப் பின்னால் இருப்பதைப் பார்ப்பார், கோடு பாக்ஸில் முட்டி நிற்கும், பின்னால் இருக்கிற நாற்காலி அவர் கண்முன்னே நகரும்.

ஓரத்தில் வெடுக்கென்று இழுபடுவதற்குக் காரணம் வரிசை. கேமரா லேட் அப்டேட்டில் (ஒவ்வொரு ஃபிரேமிலும் அப்டேட்டுக்குப் பிறகு ஓடும் பகுதி) திரும்புகிறது என்றால், அப்டேட்டில் ஓடும் உங்கள் நாற்காலி போன ஃபிரேமின் கேமராவைப் பார்த்து முடிவெடுக்கிறது. நாற்காலி ஸ்கிரிப்டையும் லேட் அப்டேட்டுக்கு மாற்றி, ஸ்கிரிப்ட் எக்ஸிக்யூஷன் ஆர்டரில் கேமராவுக்குப் பின்னால் வையுங்கள். ஏஜென்ட் தன்பாட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மை (பொருளின் இடம்) நகர்த்துவதை அப்டேட் பொசிஷனை அணைத்து நிறுத்துங்கள். தெரியவில்லை என்றால் ஏஜென்ட்டின் நெக்ஸ்ட் பொசிஷனை டிரான்ஸ்ஃபார்முக்குக் கொடுங்கள். தெரிகிறது என்றால் திருப்பிப் போட்டு, டிரான்ஸ்ஃபார்மின் இடத்தை நெக்ஸ்ட் பொசிஷனுக்குக் கொடுங்கள். இஸ்ஸ்டாப்டு மட்டும் போதாது. வேகம் மிச்சமிருந்தால் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்கும், வெலாசிட்டியையும் பூஜ்யமாக்க வேண்டும்.

'தெரிகிறது' உடனே அமலாக வேண்டும். 'தெரியவில்லை' 0.2 நொடி தொடர்ந்து இருந்தால் மட்டும் அமலாக வேண்டும். மவுஸை லேசாக ஆட்டுபவர்களிடம் நாற்காலி துடிப்பதை இது நிறுத்தும். இத்தனைக்கும் பிறகு முதல் ஃபிரேமில் ஒரு மங்கல் இழுவை தெரிந்தால் அது மோஷன் பிளர் (அசைவு மங்கல்) அல்லது டிஏஏவின் (முந்தைய ஃபிரேம்களைக் கலந்து விளிம்புகளை மென்மையாக்குவது) வேலை. நாற்காலியின் ரெண்டரரில் மோஷன் வெக்டர்ஸை 'கேமரா மோஷன் ஒன்லி' என்று மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. விளக்கு நாற்காலிக்குப் பின்னால் இருந்தால், நாற்காலி திரைக்கு வெளியே இருந்தாலும் அதன் நிழல் எதிர்ச்சுவரில் திரைக்குள் இருக்கும். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு கால் நிழல் மெல்ல நீண்டு வரும். விதிப்படி பார்த்தால் இது பக். நானாக இருந்தால் ஒரே ஒரு அறையில் விளக்கை வேண்டுமென்றே அப்படி வைத்து, மற்ற அறைகளில் இது நடக்காமல் பார்த்துக்கொள்வேன்.


நள்ளிரவுத் தச்சன்:

'ஏதோ வித்தியாசமா இருக்கு' என்பதற்குப் பதில் பெரும்பாலும் வெளிச்சத்தில் இருக்கும். ஏழு நாற்காலிகளை ஸ்டாட்டிக் (நகராதவை) என்று குறித்து லைட்மேப் (முன்கூட்டியே கணக்கிட்ட வெளிச்சப் படம்) பேக் செய்திருப்பீர்கள். எட்டாவது நகர வேண்டும் என்பதால் அதை மட்டும் விட்டிருப்பீர்கள். அப்படியானால் ஏழுக்கும் காலடியில் மென்மையான இருட்டு படிந்திருக்கும், எட்டாவது தரையில் ஒட்டாமல் மிதக்கிற மாதிரி இருக்கும். ஆடுபவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் கண்டுபிடித்துவிடும். மாறாக எட்டையும் பேக் செய்துவிட்டு ஒன்றை நகர்த்தினால் அது போன பிறகும் அதன் நிழல் பழைய இடத்திலேயே தரையில் கிடக்கும்.

எட்டையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் வழி. எதற்கும் கான்ட்ரிபியூட் ஜிஐ வேண்டாம், பேட்சிங் ஸ்டாட்டிக் வேண்டாம் (இரண்டும் நகராத பொருளுக்கான குறிகள்). எல்லாம் லைட் புரோபிலிருந்து (அந்தந்த இடத்தின் வெளிச்சத்தைப் பதிந்து வைக்கும் புள்ளி) வெளிச்சம் வாங்கட்டும். புரோப்களைத் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் ஒரு அடுக்கு, 1.2 மீட்டரில் இன்னொரு அடுக்கு என்று வையுங்கள். வாசற்படியின் இரண்டு பக்கமும் 30 செ.மீ. தள்ளி ஒவ்வொரு ஜோடி கட்டாயம். அது இல்லையென்றால் வெளிச்சமான அறையிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்த நாற்காலி கொஞ்ச தூரம் வரை தனியாக மினுங்கும். சுவருக்குள் புதைந்த புரோப் இருந்தால் இதற்கு நேர்மாறு, நாற்காலி கருத்துப்போகும். முக்கிய விளக்குகளை மிக்ஸ்டு (பாதி பேக், பாதி நேரடி) என்று வைத்து, லைட்டிங் மோடை பேக்டு இன்டைரக்ட் ஆக்குங்கள். ஒரு வீட்டுக்குள் ஷேடோ டிஸ்டன்ஸ் (நிழல் வரையப்படும் தூரம்) 25 மீட்டர் இருந்தால் தாராளம். விளக்கு முழு பேக்டு ஆக இருந்தால் நகரும் பொருளுக்கு நிழலே விழாது.

இன்னும் மூன்று காட்டிக்கொடுப்புகள் இருக்கலாம், சரிபாருங்கள். ஒன்று: இடித்தால் ஏழு நாற்காலி தள்ளப்படும், பேய் நாற்காலி கல் மாதிரி நிற்கும். ஏஜென்ட் இருக்கிற பொருளில் ரிஜிட்பாடியை (இயற்பியல் பகுதி) கைனமாட்டிக்காக (மோதினாலும் தள்ளப்படாதபடி) வைக்க வேண்டியிருப்பதால் இது நடக்கும். தூங்கும் நிலையில் ஏஜென்ட்டை அணைத்துவிட்டு கைனமாட்டிக்கையும் எடுத்துவிடுங்கள். விழிக்கும்போது மட்டும் மாற்றுங்கள். இரண்டு: ஏழும் கச்சிதமாக 90 டிகிரியில் மேசையைப் பார்த்து நிற்கும், பேய் நாற்காலி ஏஜென்ட் திருப்பிய 37.4 டிகிரியில் நிற்கும். எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே ஆளுக்கு 3 முதல் 12 டிகிரி வரை கோணலாகப் போடுங்கள். மக்கள் எழுந்து போன வீட்டில் நாற்காலி நேராக இருக்காது. மூன்று: பேய் நாற்காலியை மட்டும் கையில் தொட முடியாதபடி வைத்திருந்தால், தொட்டால் எழுத்து வருகிறதா என்று பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நவ்மெஷ் பற்றி யாரும் சொல்லவில்லை. பேக் செய்யும்போது நாற்காலிகளையும் சேர்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை விழும். பேய் நாற்காலி தன் ஓட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், ஏஜென்ட் நவ்மெஷில் இல்லை என்று பிழை வரும். பேக்கிலிருந்து எட்டையும் விலக்கிவிட்டு, ஓய்வாக இருக்கும்போது நவ்மெஷ் ஆப்ஸ்டகிளில் (மற்றவை சுற்றிப் போக வேண்டிய தடை) கார்வ் (நவ்மெஷில் ஓட்டை வெட்டுவது) போடுங்கள். ஆப்ஸ்டகிளும் ஏஜென்ட்டும் ஒரே நேரத்தில் இயங்கக்கூடாது, தன்னையே சுற்றிப் போக முயலும். ஆப்ஸ்டகிளை அணைத்த அதே ஃபிரேமில் ஏஜென்ட்டை எழுப்பவும் கூடாது. ஓட்டை இன்னும் மூடியிருக்காது, ஓட்டையின் விளிம்புக்கு நாற்காலி தாவிவிடும். ஒன்றிரண்டு ஃபிரேம் பொறுத்து எழுப்புங்கள்.

அகலம்: 45 செ.மீ. சதுர இருக்கை என்றால் மூலைவிட்டம் 64 செ.மீ., பாதி 32. ஆரம் 0.35 மீட்டர் வைத்து நாற்காலிக்கென்று தனி ஏஜென்ட் டைப் உருவாக்கி அதற்கு பேக் செய்யுங்கள். ஏஜென்ட் காம்பொனென்ட்டில் இருக்கும் ரேடியஸை மாற்றினால் மற்ற ஏஜென்ட்டுகளிடமிருந்து விலகும் தூரம்தான் மாறும், கதவுச் சட்டத்தில் கால் புதைவது நிற்காது.

நடக்கும் அனிமேஷன் எதுவும் செய்ய வேண்டாம். யாரும் பார்க்காத நேரத்தில் மட்டும் நகரும் பொருளுக்கு அது வீண். துள்ளித் துள்ளி வரும்படி செய்தால் நடுத்துள்ளலில் பிளேயர் திரும்புவார், நாற்காலி அந்தரத்தில் நிற்கும். நேராகச் சறுக்க விடுங்கள், நாலு காலும் தரையில் இருக்கட்டும். அந்த நேரத்தை வேறொன்றில் போடலாம்: கம்பளம் விரித்த அறையில் நாற்காலி கிளம்பிய இடத்தில் நாலு குழித்தடம். 3 செ.மீ. விட்டத்தில் நாலு டெக்கால் (மேலே ஒட்டும் படம்), கம்பளத்தின் இழை அமுங்கின மாதிரி ஒரு நார்மல் மேப் (மேடுபள்ளம் காட்டும் படம்), அவ்வளவுதான். நாற்காலி எங்கே வந்திருக்கிறது என்பதைவிட எங்கிருந்து போயிருக்கிறது என்று பார்க்கும்போதுதான் ஆளுக்கு அடிவயிறு கலங்கும்.


ஓசையறை:

சத்தம் பத்தி யாரும் பேசல, அதனால எழுதுறேன். பார்க்காதப்ப நகர்ற எதிரிக்கு உடம்பே சத்தம்தான்.

மரக்கால் தரையில உராயுற சத்தம் ஒரு லூப், 2 - 3 செகண்ட், மோனோ ஃபைல். ஸ்பேஷியல் பிளெண்ட் 1 (சத்தம் முழுக்க அந்த இடத்துல இருந்து வர்ற மாதிரி). மரத்தரை, ஓடு, கம்பளம் மூணுக்கும் தனித்தனி லூப் வேணும். லாகரிதமிக் ரோல்ஆஃப் (தூரம் போகப் போக சத்தம் குறையுற விதம்) அப்படியே விடாதீங்க, மேக்ஸ் டிஸ்டன்ஸுக்கு அப்புறம் அது பூஜ்யமாகாது, அங்க இருந்த அளவுலயே நின்னுடும். வீட்டோட அந்தக் கோடியில இருக்குறது கூட லேசா கேட்டுக்கிட்டே இருக்கும். கஸ்டம் கர்வ் போட்டு 12 மீட்டர்ல பூஜ்யத்துக்கு இறக்குங்க. நடுவுல சுவர் இருந்தா லோ பாஸ் ஃபில்டர் (கூர்மையான சத்தத்தை வடிகட்டுறது) 1000 ஹெர்ட்ஸ் பக்கம். கதிர்க்கோடு சொன்ன லைன்காஸ்ட்டையே இதுக்கும் பயன்படுத்திக்கலாம்.

பிளேயர் திரும்பினதும் உராய்வு பாதியிலேயே அறுபடணும். முடியுற மாதிரி வால் எதுவும் வேணாம். ஆனா டக்குனு ஸ்டாப் பண்ணினா 'டிக்'னு ஒரு கிளிக் வரும், 40 மில்லிசெகண்ட்ல வால்யூமை இறக்கிட்டு நிறுத்துங்க.

முக்கியமானது: சாதாரண ரெண்டு ஸ்பீக்கர்ல முன்னால வர்ற சத்தத்துக்கும் பின்னால வர்றதுக்கும் வித்தியாசம் தெரியாது. 'ரொம்பக் கிட்ட வந்துட்டேன்'னு சொல்றதுக்கு அதே சத்தத்தைக் கூட்டி வச்சா பத்தாது. வேற சத்தம் வேணும். ஆள் உட்கார்ந்தா இருக்கைப் பலகை முனகும்ல, அந்தக் கிரீச். கேம்ல வேற எங்கயும் அதைப் பயன்படுத்தாதீங்க. காது கேட்காதவங்களுக்கு வசன வரியில 'பின்னால், மிக அருகில்: மரம் முனகுகிறது'ன்னு திசையோட வரணும். இந்த மாதிரி கேம்ல அது இல்லன்னா அவங்களால ஆடவே முடியாது.


பழங்கதவு:

மேலே சொன்னதெல்லாம் செய்தாலும் மூன்றாவது சிக்கல் தீராது, ஏனென்றால் அது புரோகிராமில் இல்லை. நாற்காலி மோதி 25 புள்ளி குறைப்பது, ஓநாயும் செய்யும், ஜாம்பியும் செய்யும். நாற்காலி என்பதால் என்ன செய்கிறது? வீட்டுப் பொருள் எதிரியாகும்போது அதன் அன்றாடப் பயன்தான் அதன் ஆயுதமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாற்காலியின் பயன் ஆளை உட்கார வைப்பது. அதையே தாக்குதலாக வையுங்கள்.

பின்னால் 0.9 மீட்டருக்குள் வந்ததும் அந்தக் கிரீச். அதிலிருந்து 0.8 நொடி அவகாசம். கேட்டு, புரிந்து, திரும்ப அதற்குக் குறைந்தால் போதாது. அதற்குள் திரும்பினால் அது உறைந்துவிடும், தப்பிக்கலாம். திரும்பவில்லை என்றால் முழங்கால் மடிப்பில் இருக்கை தட்டும், பிளேயர் உட்கார்ந்துவிடுவார். கேமரா 1.6 மீட்டரிலிருந்து 1.1 மீட்டருக்கு 0.25 நொடியில் இறங்கட்டும். பக்கவாட்டுச் சாய்வு வேண்டாம், தலை சுற்றும். தலையை இரண்டு பக்கமும் 70 டிகிரி வரை திருப்பலாம், அதற்கு மேல் முடியாது. 4 நொடி எழ முடியாது. உயிர்ப்புள்ளி எதுவும் குறையாது. ஆனால் எழுந்து திரும்பினால் அந்த அறையில் இருக்கிற மற்ற நாற்காலிகள் எல்லாம் அவர் பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். இரண்டாவது முறை 7 நொடி, அறை விளக்கும் அணையும். மூன்றாவது முறை எழ முடியாது. எண்ணிக்கை மூன்று என்பது முதல் தடவையிலேயே புரியவேண்டும், அதைத் திரையில் எண்ணாகக் காட்டாமல் கதையில் எங்காவது முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

விதியைக் கற்றுக்கொடுக்காததும் எரிச்சலுக்குக் காரணம். 1988இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3இல் வந்த பூ என்ற பேய்க்கும் உங்கள் விதிதான், திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். ஆனால் நின்றதும் கையால் முகத்தை மூடிக்கொள்ளும், அந்த ஒரே அசைவில் எந்தக் குழந்தைக்கும் விதி புரிந்துவிடும். நாற்காலிக்கு முகம் இல்லை, அதனால் இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். முதல் சந்திப்பைப் பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். இந்தப் பக்கம், கதவுக்கு முதுகு காட்டி நின்றால்தான் எடுக்க முடிகிற இடத்தில் சாவி. எடுத்துவிட்டுத் திரும்பினால் தூரத்தில் இருந்த நாற்காலி கண்ணாடியை ஒட்டி நிற்கும். ஆபத்து இல்லை, பாடம் முடிந்தது.

சூப்பர் மாரியோ 64இன் பியானோவையும் பாருங்கள் (1996). மூலையில் சும்மா இருக்கும், கிட்டே போனால் பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தும், கொல்லவே முடியாது. ஆனாலும் அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. அதற்கு ஒரு எல்லை இருக்கிறது, பின்னால் ஒரு சிவப்பு நாணயம் இருக்கிறது. போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஆடுபவர். உங்கள் நாற்காலிக்கும் எல்லை வேண்டும்: ஒருமுறை கண்ணை எடுத்தால் அதிகபட்சம் 3 மீட்டர்தான் நகரும், அதன்பிறகு எவ்வளவு நேரம் பார்க்காவிட்டாலும் நிற்கும். இப்போது இருக்கிற 2.5 வேகத்தில் ஒரு பூட்டைத் திறக்கிற 5 நொடியில் 12.5 மீட்டர் வந்துவிடும், வீட்டின் எந்த மூலையிலிருந்தும் முதுகுக்கு வந்துவிடும் என்று அர்த்தம். வேகத்தைக் குறைக்க வேண்டாம், தூரத்துக்கு உச்சவரம்பு போடுங்கள். அப்போது ஒவ்வொரு திரும்பலிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவதை அவர் பார்ப்பார்.

இன்னொரு பக்கம், அசையாமல் முறைத்துக்கொண்டே நின்றால் எதுவும் நடக்காது. அதனால் பிளேயரைத் திரும்ப வைக்கிற வேலைகள் வேண்டும். சுவரைப் பார்த்துச் செய்கிற 4 முதல் 6 நொடி வேலைகள்: ஃபியூஸ் மாற்றுவது, இழுப்பறையைத் துழாவுவது, எண்பூட்டைத் திருப்புவது. நடுவில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கலாம், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று வையுங்கள். மறுபடி முதலிலிருந்து என்றால் எரிச்சல் திரும்பி வரும்.

மற்ற ஏழு நாற்காலிகள் ஒருபோதும் தீங்கு செய்யக்கூடாது. 2017இல் வந்த பிரே கேமில் காபிக் கோப்பையாகவும் நாற்காலியாகவும் மாறி உட்கார்ந்திருக்கும் மிமிக்குகள் வேலை செய்வதற்குக் காரணம், பெரும்பாலான கோப்பைகள் வெறும் கோப்பைகள்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மிச்ச ஏழையும் அவரே பேயாக்கிக்கொள்வார்.


மரப்பாச்சி:

எல்லாருக்கும் நன்றி. வெளிச்சம் விஷயம் அப்படியேதான், ஏழு பேக்டு, ஒன்று டைனமிக். சீன் ஜன்னலும் திறந்தேதான் இருந்தது. உட்கார வைக்கிற யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது, தாக்குதலை அதற்கே மாற்றுகிறேன்.

அதில் மூன்று கேள்வி. எழும்போது பிளேயரின் கேப்ஸ்யூல் (அவர் உடம்புக்கான கொலைடர்) நாற்காலிக்குள் மாட்டிக்கொள்கிறது, சில சமயம் சுவருக்கு வெளியே எறியப்படுகிறது. அடுத்து, நாற்காலியைத் தடுக்கப் பிளேயருக்கு ஏதாவது வழி கொடுக்கலாமா, அல்லது பியானோ மாதிரி விட்டுவிடலாமா? கடைசியாக, சேவ் செய்த இடத்தில் நாற்காலி முதுகை ஒட்டி இருந்தால் லோட் ஆனதுமே உட்கார வைத்துவிடுகிறது.


கதிர்க்கோடு:

எழுவதற்கு: உட்கார்ந்ததும் பிளேயர் கேப்ஸ்யூலுக்கும் அந்த நாற்காலியின் ஒவ்வொரு கொலைடருக்கும் இடையே இக்னோர் கொலிஷன் (இரண்டும் மோதாதபடி செய்வது) போடுங்கள். காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று பிரித்திருந்தால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும், ஒன்றை விட்டாலும் அதுதான் எறியும். எழும்போது நாற்காலிக்கு முன்னால் 0.6 மீட்டரில் செக் கேப்ஸ்யூல் (அங்கே இடம் காலியா என்ற சோதனை) செய்யுங்கள், அடைபட்டிருந்தால் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். மூன்றும் அடைபட்டிருந்தால் பிளேயரை விட்டுவிட்டு, நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தி இடம் உண்டாக்குங்கள். மோதலை உடனே திருப்பிப் போடாமல், இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி வந்த பிறகு போடுங்கள். பிளேயரை நகர்த்துவது கேரக்டர் கன்ட்ரோலர் என்றால் இடம் மாற்றும் முன் அதை அணைத்து, மாற்றியபின் எழுப்ப வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கொடுத்த இடத்தை விட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

சேவுக்கு: நாற்காலி இப்போது நிற்கும் இடத்தோடு, பிளேயர் அதைக் கடைசியாகப் பார்த்த இடத்தையும் எழுதி வையுங்கள். லோட் ஆகும்போது நாற்காலி பிளேயரிலிருந்து 3 மீட்டருக்குள் இருந்தால் கடைசியாகப் பார்த்த இடத்தில் வையுங்கள், அதுவும் நெருக்கம் என்றால் நவ்மெஷில் 4 மீட்டர் தள்ளி ஒரு புள்ளி. லோட் ஆன முதல் 2 நொடிக்கு 'தெரிகிறது' என்றே கட்டாயப்படுத்துங்கள். பாஸ் மெனுவிலிருந்து திரும்பும்போதும் இதே 2 நொடி வேண்டும்.


பழங்கதவு:

தடுக்க வழி கொடுங்கள், ஆனால் அடித்து உடைக்கிற வழி வேண்டாம். நாற்காலியை என்ன செய்தால் அது நாற்காலியாக இல்லாமல் போகும்? படுக்கப்போட்டால். நேராகப் பார்த்தபடி பக்கத்தில் போய், 1.2 நொடி பொத்தானை அழுத்திப் பிடித்தால் பக்கவாட்டில் சாய்த்துவிடலாம். 40 நொடிக்கு அதனால் நகர முடியாது. அதன்பிறகு பிளேயர் பார்க்காத நேரத்தில் எழுந்து நிற்கும், பார்த்துக்கொண்டே இருந்தால் எழாது. எழும்போது மரம் தரையில் தட்டும் ஒரே ஒரு சத்தம்.

இன்னொன்று, இருக்கையில் பாரம் வைப்பது. புத்தகப் பெட்டி, தண்ணீர்க்குடம் போல வீட்டில் மூன்றே பொருட்கள். பாரம் இருக்கும்வரை நகராது, ஆனால் அந்த மூன்றில் ஒன்று பின்னால் வேறு காரியத்துக்குத் தேவைப்படும், திரும்ப எடுக்க வேண்டி வரும். எடுக்கும்போது பிளேயர் நாற்காலியைப் பார்த்தபடிதான் எடுப்பார், எடுத்த பொருளைக் கொண்டுபோக முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த இரண்டு செயலும் சாதாரண ஏழு நாற்காலிக்கும் வேலை செய்ய வேண்டும். பயத்தில் எட்டையும் படுக்கப்போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். தடுக்காதீர்கள். திரும்பி வரும்போது ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்கட்டும்.